துறைமுகத்துக்குப் பதினான்கு தடவை

செத்துப்போனவரைப் பற்றி எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதியே ஆக வேண்டும். என் அத்தான் உயிரோடுதான் இருக்கிறார். இன்று காலையில்கூட என் கடை வாசலைத் தாண்டித்தான் பால் வாங்கிக்கொண்டு போனார். அதனால் எனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையத்தின் நடுவே கண்ணாடி போட்ட ஒரு கூண்டு இருக்கிறதே, அதற்குள் மைக்கும் கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, டைம் கீப்பர் என்றால்தான் தெரியும். என்னைக்கூட 'டைம் கீப்பர் மச்சினன்' என்றுதான் சொல்கிறார்கள். முப்பது வருஷமாக நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறேன், அது ஒருத்தர் வாயிலும் வருவதில்லை.

அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட, "பத்து நாப்பது வண்டி போயிடுச்சு, அடுத்தது பதினொன்னு அஞ்சு" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற மனிதர் அவர். பிள்ளையும் பதினொன்று ஐந்து வண்டி ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்வரை வெளியே வரவில்லை. அப்பனைப் பற்றி அப்போதே தெரிந்திருக்கும். அக்கா இதைக் கோபமாகச் சொல்ல மாட்டாள், பெருமையாகத்தான் சொல்வாள். உம்மணாமூஞ்சி, ஒரு சினிமாவுக்குக் கூட்டிப் போனதில்லை, வீட்டுக்கு வந்தால் வாயில் கொழுக்கட்டை என்று ஆயிரம் குறை அடுக்கிவிட்டு, கடைசியில், "ஆனா நேர விஷயத்துல மட்டும் அவர் வாக்கு தப்பாதுடா" என்று முடிப்பாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒரு பஸ் போர்டைத் தானாகப் படித்ததில்லை. எங்கே போவதானாலும் இவர் ஒரு துண்டுச் சீட்டில் நேரம் எழுதிக் கொடுப்பார், அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டு வருவாள். அந்த மனிதரிடம் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது அந்த ஒன்றைத்தான்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். கட்டில் விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் துணிகள். சூடாக வந்து விழும் ஷீட்டின் ஒரு முனையை இவள் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும், நாலாக மடித்து எட்டாக மடித்து அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு ஷீட். எல்லாம் நின்றுகொண்டேதான். முட்டி இரண்டும் அங்கேதான் போனது. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மிஷின் வந்தபோது அது அக்காவின் விரலைப் படிக்கவே இல்லை. சலவைச் சோடாவிலும் சூட்டிலும் ரேகை தேய்ந்து போயிருந்தது. "நான் வேலைக்கு வந்ததுக்கு மிஷின்கிட்ட சாட்சி இல்லடா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டரில் ஒரு துறைமுகம் இருக்கிறது. சரக்குக் கப்பல் மட்டும் வந்துகொண்டிருந்த அந்த இடத்துக்கு ஒரு சொகுசுக் கப்பல் வர ஆரம்பித்தது. அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஆட்களை ஏற்றும், மூன்று ராத்திரி கடலில் சுற்றிக் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்து இறக்கிவிடும். அக்காவுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி போய்விட்டு வந்து போனில் படம் காட்டினாள். சாப்பாடு, நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் காட்டினாள். அக்காவின் கண் ஒரே ஒரு படத்தில் நின்றுவிட்டது. சுருக்கம் இல்லாத வெள்ளை விரிப்பு, அதன் மேல் துண்டையே மடித்துச் செய்த ஒரு குருவி.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள். "நாம கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள யாரோ வந்து ஷீட்டை மாத்திடறாங்களாம். மாத்திட்டுப் போனா போதாதா? குருவி வேற செஞ்சு வச்சுட்டுப் போறாங்கடா. நான் மடிக்காத ஷீட்ல மூணு ராத்திரி படுக்கணும். அவ்வளவுதான். கடலு கிடலு எல்லாம் எனக்கு வேண்டாம்."

இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷிக்கு இருக்க முடியுமா? பணத்துக்கும் அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. வேலை முடிந்தபோது வந்த தொகையில் அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அத்தானிடம் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். "போகலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வழி பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். "பகல் ஒரு மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்க. பஸ் போனா அடுத்த பஸ் வரும். கப்பல் போனா கையை ஆட்டிட்டு நிக்க வேண்டியதுதான். ஆழம் தெரியாம காலை விடக்கூடாது."

"நான் வேன்ல கொண்டுபோய் விடறேன் அத்தான்" என்றேன்.

"கண்ணாடி ஏத்தற வண்டியில என் பொண்டாட்டியைச் சாய்ச்சு வச்சுக் கட்டி எடுத்துட்டுப் போவியா? உன் வண்டிக்கு டைம் டேபிள் இருக்கா? நடுவழியில பஞ்சர் ஆனா பின்னாடியே இன்னொரு மச்சினன் வருவானா?"

வாடகைக் காருக்கும் இதே பதில்தான். டைம் டேபிள் இல்லாத எதையும் அவர் வண்டி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

புதிதாக ஒரு வழித்தடம் போடும்போது பஸ்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துக் காலி வண்டியை ஓட்டிவிட்டு, வெறும் ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று எடுப்பார்கள். கூட்டத்துக்கும் சிக்னலுக்கும் அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். அத்தான் துறைமுகத்தையும் அப்படித்தான் அளக்கக் கிளம்பினார். கப்பல் வராத ஒரு செவ்வாய்க்கிழமை. "கூட்டத்துல எடுக்கற டைம் டைமே இல்ல மாப்ளே" என்று சொல்லி, கடையைப் பூட்ட வைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஆறு பத்து பஸ். எட்டு ஐந்துக்குத் துறைமுக ஊர் நிலையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மீன் மார்க்கெட் முனை. அதோடு சரி. அதற்கு மேல் துறைமுக கேட்டுக்கு எந்த வண்டியும் கிடையாது. நேராக ஒரு ரோடு, நடைபாதை இல்லை, நிழல் இல்லை, கண்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. அத்தான் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, வாய் நிறையப் புழுதியோடு நான் பின்னால். நாற்பத்தொரு நிமிஷம். கேட் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "ரெண்டரை கிலோமீட்டர். உங்க அக்கா முட்டிக்குப் பெட்டியோட ஒரு மணி பத்து நிமிஷம். முடியாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"உள்ளே ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கான், கப்பல் நாள்ல ஜனங்க எப்படி வர்றாங்கன்னு அவனைக் கேளுங்க அத்தான்."

"கேட்டுக் கேட்டுப் போறவன் பயணி. நான் டைம் கீப்பர்."

எனக்கு ஏறிய கோபத்துக்கு, இனி உங்களோடு பக்கத்துத் தெருவுக்குக்கூட வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு அவர் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டிருக்கலாம். வாட்ச்மேன் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். வீம்பில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் என் பங்குக்கு நான் செய்த தப்பு அது.

அப்புறம் அவர் தனியாகப் போக ஆரம்பித்தார். திரும்பி வந்ததும் அக்கா தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "எப்படிங்க இருந்தது?" என்பாள். "எல்லாம் சரியா வருது. கடைசி ரெண்டரை கிலோமீட்டர்தான் இடிக்குது" என்பார் அவர். அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில். நவம்பரில் செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டுக் கப்பல் வருகிற வெள்ளிக்கிழமைகளில் போனார். கேட்டதற்கு, கூட்டத்திலும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்றார். அந்த நாட்களில் காலையிலேயே சவரம் செய்துகொண்டார், இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். குளிக்கும்போது ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாராம். அக்கா நாலரைக்கு எழுந்து சோறு கட்டி, பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுப்பாள். "வாயைத் திறந்து சொல்ல மாட்டார்டா. ஆனா எனக்காக இந்த வயசுல எப்படி அலையறார் பாரு" என்று என்னிடம் சொல்வாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் இருக்கிற துண்டை வைத்துக்கொண்டு அவளும் குருவி செய்து பார்த்தாள். குருவி என்று சொன்னால் குருவி கோபித்துக்கொள்ளும். கழுத்து நிற்கவில்லை. "இது துண்டுக் குத்தம் இல்ல, கைப்பழக்கம். நாலா மடிச்சே பழகிப் போச்சு" என்றாள்.

பிப்ரவரியில் பேப்பரில் செய்தி வந்தது. கப்பல் கம்பெனிக்கு இந்தத் துறைமுகம் கட்டுப்படியாகவில்லை, இந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்கள், மார்ச் கடைசி வெள்ளியோடு சரி. அக்கா பயந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவரை அவசரப்படுத்தினாள்.

"நடந்தே வரேங்க. முட்டி போனா போகட்டும். டிக்கெட்டைப் போட்டுடுங்க."

"அரை குறையா கிளம்பினா நடுரோட்டுல நிப்போம். ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. முடிச்சுடறேன்" என்றார் அவர்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நேர விஷயம் ஆயிற்றே.

மார்ச் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, துறைமுக ஊரில் ஒரு லாட்ஜுக்கு ஆறடிக் கண்ணாடி இரண்டு கொண்டுபோக வேண்டியிருந்தது. போகிற வழியில் அந்த ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். நிலையத்துக்குள் நீலக் கலரில் ஒரு பஸ் நின்றது. நெற்றியில் போர்டு: கப்பல் பயணிகளுக்கு மட்டும், இலவசம். பெட்டியும் தொப்பியுமாக ஜனங்கள் வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தொந்தியும் காக்கிச் சட்டையுமாக இருந்தார். அந்த ஊர் டைம் கீப்பராம்.

"இந்த வண்டி எப்போல இருந்து ஓடுதுங்க?"

"கப்பல் வர ஆரம்பிச்சதுல இருந்து. கப்பல் வர்ற வெள்ளிக்கிழமை மட்டும்தான். முன்னெல்லாம் டிரைவர் வச்சதுதான் சட்டம், தூங்கி எழுந்து எடுப்பான். நவம்பர்ல ஒரு பெரியவர் வந்தாருங்க. பக்கத்து ஊர்ல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவராம். ரெண்டே வாரத்துல கால் மணிக்கு ஒண்ணுன்னு டைம் போட்டுட்டார். வயசானவங்களுக்கு முன் சீட்டு, பெட்டிக்குப் பின்வாசல்னு எல்லாம் அவர் ஏற்பாடுதான். இப்போ கப்பல் நாள்ல எனக்கு வேலையே கிடையாது. மத்த வண்டிக்கும் கையெழுத்து அவரே போட்டுடறார், நான் கண்டுக்கறதில்ல. அதோ, என் நாற்காலியிலதான் இருக்கார் பாருங்க."

பார்த்தேன். கூண்டுக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தான். ஜன்னலில் நாலு பேர் சார் சார் என்று நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கை நீட்டி வழி சொல்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இந்த மனிதர் ஒரு முழு பஸ்ஸையே மறைத்திருக்கிறார். ஊரில் இருக்கிறவனை எல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டியவளிடம் ரெண்டரை கிலோமீட்டர் இடிக்கிறது என்றிருக்கிறார்.

நேராகப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். கால்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் பொய் சொன்னது என்னிடம் இல்லை. யாரிடம் சொன்னாரோ அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று கண்ணாடியை இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ சரியா பார்த்தியா?"

"என் கண்ணால பார்த்தேன்."

"கால் மணிக்கு ஒண்ணா?"

"ஆமா."

"நேரத்துக்கு வருதா?"

"டாண்ணு வருது."

"அவர் போட்ட டைமா இருந்தா வரும்" என்றாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா தண்ணீர் கொடுத்தாள். "எப்படிங்க இருந்தது?" என்று எப்போதும் போலக் கேட்டாள். "கடைசி ரெண்டரை கிலோமீட்டர்தான் இடிக்குது" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் தானாகவே கப்பல் டிக்கெட் போடுகிற ஆபீசுக்குக் கிளம்பினாள். கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கடைசி ட்ரிப் புதன்கிழமையே ஃபுல் ஆயிடுச்சும்மா. கடைசின்னதும் எல்லாரும் வந்துட்டாங்க. போன வாரம் வந்திருந்தா ரூம் இருந்திருக்கும்" என்றாள்.

"துறைமுகத்துக்கு ஒரு பஸ் விடறீங்களாமே. அது எங்கேயாவது போட்டிருக்காம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"டிக்கெட் பின்னாடியே இருக்கே" என்று அந்தப் பெண் ஒரு வெற்று டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். நீல பஸ், எந்த இடத்தில் நிற்கும், எந்த வாசலில் இறக்கிவிடும் எல்லாம் அச்சடித்திருந்தது. வழி தெரிந்த பிறகுதான் டிக்கெட் என்று நாங்கள் உட்கார்ந்திருக்க, டிக்கெட் எடுத்தவனுக்குத்தான் வழியே என்று அவர்கள் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். யாராவது ரத்து செய்தால் கூப்பிடுகிறோம் என்று அக்காவின் போன் நம்பரை எழுதிக்கொண்டாள் அந்தப் பெண்.

அந்த இரண்டு வாரமும் அக்கா போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. மின்சார ஆபீசிலிருந்து அழைப்பு வந்தால்கூட முதல் மணியிலேயே எடுத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் கேட்கவிடவில்லை. வியாழக்கிழமை ராத்திரி வரை போன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் வழக்கம்போல எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். ஆறு பத்து வண்டிக்கு அவர் போனதும் எனக்குப் போன் செய்தாள். "கிளம்புடா. நானும் ஒரு தடவை வழி பார்த்துட்டு வந்துடறேன்."

"வேனை எடுத்துட்டு வரேன்க்கா."

"வேண்டாம். பஸ்ஸுலயே போவோம்."

ஏழு இருபத்தைந்து வண்டியில் போனோம். துறைமுக ஊர் நிலையத்தில் இறங்கும்போதே அவர் குரல் மைக்கில் கேட்டது. "கப்பலுக்குப் போறவங்க நீல வண்டியில ஏறுங்க. பதற வேண்டாம். இடம் இருக்கு. வயசானவங்க மெதுவா ஏறுங்க, உங்களை விட்டுட்டு வண்டி போகாது." அக்கா அப்படியே நின்றாள். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் வீட்டில் அவர் இவ்வளவு இதமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டத்தோடு கூட்டமாக ஏறி முன்பக்கம் உட்கார்ந்தோம். எங்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். மறுபடியும் மைக். "நீல வண்டி, கொஞ்சம் நில்லு." வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும் தூரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். நாலு நிமிஷம் வண்டி அவர்களுக்காக நின்றது. அத்தான் கூண்டை விட்டு இறங்கி ஓடிப்போய், அவர்கள் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெட்டியை உள்ளே வைக்கத் தலையை நீட்டியவர் அக்காவைப் பார்த்துவிட்டார்.

பெட்டியை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"வச்சுட்டு இறங்குங்க. வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் அக்கா.

இறங்கினார். வண்டி கிளம்பியது. நான் அன்று நாற்பத்தொரு நிமிஷம் புழுதி தின்று நடந்த ரோட்டை அது ஆறு நிமிஷத்தில் தாண்டியது.

கேட் விரியத் திறந்திருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் கயிறு கட்டிய இடத்தோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்தே கப்பல் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் தண்ணீரில் கொண்டுபோய் வைத்த மாதிரி, வரிசை வரிசையாக ஜன்னல்கள். அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "ஒரு வரிசைக்கு அறுபது ரூம் இருக்கும்போல. ரூமுக்கு நாலு ஷீட்னு வச்சாலும் எவ்வளவு துணி. உள்ளே எத்தனை பொம்பளைங்க நின்னு மடிக்கிறாங்களோ" என்றாள். சற்று நேரம் கழித்து, "அவங்களும்தான் ஒரு நாள் எங்கேயாவது படுக்கணும்" என்றாள்.

அதே நீல வண்டியில் நிலையத்துக்குத் திரும்பினோம். அத்தான் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு எப்போல இருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரமா."

"கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

அவர் நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டினார், விரித்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த வண்டியை ஒழுங்குக்குக் கொண்டு வந்துட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் தள்ளிப்போச்சு. டிக்கெட் போட்டு, போயிட்டும் வந்துட்டோம்னா வழி பார்க்கற வேலை முடிஞ்சுடும். அதுக்கப்புறம் என்ன சொல்லிட்டு இங்க வர்றது? இங்க என்னை சார்னு கூப்பிடறாங்க. வீட்டுல ரெண்டு வருஷமா என்னை யாரும் மணி என்னன்னுகூடக் கேட்டதில்ல."

"நான் கேட்டேனே" என்றாள் அக்கா. "நீங்க வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள எப்படிங்க இருந்ததுன்னு கேட்டேனே. இதுக்கு முன்னாடி வந்த பதிமூணு தடவையும் கேட்டேன்."

அவர் நோட்டுப் புத்தகத்தை மறுபடியும் சுருட்டினார்.

"வேலைதான் வேணும்னு சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமை தவறாம நானே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை எனக்கு விட்டிருக்கலாம்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அத்தான் என் முகத்தைப் பார்த்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "அடுத்த வருஷம் வேற ஏதாவது கப்பல் வரலாம்" என்று ஆரம்பித்தார்.

"ஊருக்கு வண்டி எப்போ?" என்றாள் அக்கா.

"பதினொன்னு இருபது. மூணாவது மேடை." யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது அவருக்கு.

போய் ஏறி உட்கார்ந்தோம். அக்கா ஜன்னல் பக்கம். அங்கிருந்து பார்த்தால் கூண்டு நேராகத் தெரியும். அவரும் திரும்பிப் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டார். பதினொன்று பதினெட்டுக்குக் கண்டக்டர் ட்ரிப் ஷீட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனார். அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வண்டி எடுக்க முடியும். அவர் எழுந்து வருவார் என்றுதான் நான் நினைத்தேன். வண்டியை நிறுத்தி வைப்பார், வந்து ஜன்னலுக்குக் கீழே நிற்பார், இல்லை என்றால் ஏறி அவள் பக்கத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். அவர் மேல் அவ்வளவு கோபத்தில் இருந்த நானே அப்படி நினைத்தேன் என்றால் அக்கா என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் ஷீட்டை வாங்கினார். தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜன்னல் வழியாகக் கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் ஓடி வந்து ஏறி மணி அடித்தார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்து வண்டி திரும்பும்போது அக்கா என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொன்னு இருபது" என்றாள்.